பாட்டைத் தேர்பவன் யார்?

இக்காலப் பிள்ளைகளின் செவி கெட்டுவிட்டதாம்! கல்முனைக் கடற்கரைப் பெரியோரின் ஓயாத புலம்பல் இது.

1952-இல் இந்திய அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்குமென்று அகில இந்திய வானொலியில் அதனை ஒடுக்கினார். நேயர்கள் திருந்தினார்களா? இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்குச் செவியைத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி டில்லியே இறங்கி வந்தது. அன்று இழிந்தவை எனப்பட்ட அப்பாட்டுகளையே இன்று முதியோர் ‘பொற்காலம்’ என்று போற்றுகின்றனர்!

ஆகவே, தலைமுறைச் சண்டை வெறும் திரை. திரைக்குப் பின்னால் நின்று பாட்டைத் தேர்பவன் யார்? அன்று பற்பசை விற்றவன்; இன்று கைத்தொலைபேசிவழி விளம்பரம் விற்பவன். சூடடிக்கும் களத்தில் உழவன் பாடிய பொலிப்பாட்டுக்கும், நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் எழுத்தறியாப் பெண்கள் வாய்மொழியாய்க் கட்டிய கவிக்கும் அவர்கள் கணக்கில் விலையேது? முதியோரின் பொற்காலப் பட்டியலிலும் அவற்றுக்கு இடமில்லையே!

ஆசிரியத் தோழர்களே! மாணவனின் செவிக்கருவியைப் பறிக்காதீர்கள். உம்மம்மாவிடம் அவனை அனுப்புங்கள்; அவள் அறிந்த கவியை எழுதி வரட்டும். வணிகன் தராத பாட்டையும் கேட்டறிந்தவனே தன் பாட்டைத் தானே தேர்வான். தடையால் எந்த இரசனையும் வளர்ந்ததில்லை.