தொட்டியில் விரியும் மஞ்சள் குடை

மழை பிடித்து நான்கு நாள் ஆகியிருக்கும். மும்பையிலோ கொச்சியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில், மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் திகைத்து நிற்பார். நேற்றுவரை வெறும் மண்ணாக இருந்த தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் நாலைந்து குட்டிக் குடைகள். யாரும் விதைக்கவில்லை. பார்க்க அழகாக வேறு இருக்கின்றன. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அந்த அழகுதான் சிக்கல்.

இந்தக் காளானின் அறிவியல் பெயர் லூக்கோகாப்ரைனஸ் பிர்ன்பாமி. பெயருக்குப் பின்னால் சிறு கதை உண்டு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கண்ணாடிக் குடில் ஒன்றில் முளைத்த இதை 1788இல் ஜேம்ஸ் போல்டன் விவரித்து, மஞ்சள் என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு காளானுக்குப் போயிருந்ததால் செல்லுபடியாகவில்லை. 1839இல் பிராக் நகரக் குடில் ஒன்றில் இதைக் கண்டெடுத்த தோட்டக் கண்காணிப்பாளர் பிர்ன்பாமின் பெயரைக் கோர்டா என்ற அறிஞர் வைத்தார், அதுவே நிலைத்தது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு இது கண்ணாடிக் குடிலுக்குள் வந்த விருந்தாளி. நமக்கு அப்படியல்ல. வெப்ப மண்டலம்தான் இதன் சொந்த ஊர்.

செடிக்கு இதனால் கேடில்லை. வேரை அது தொடுவதில்லை. மண்ணில் மட்கும் இலைதழையையும் உரத்தையும் தின்று வாழ்கிறது. மேலே தெரியும் குடை வெறும் பழம் மாதிரிதான். உடல் முழுவதும் நூலிழைகளாக மண்ணுக்குள் பரவியிருக்கும். அதனால்தான் பிடுங்கிப் போட்டாலும் அடுத்த மழையில் மீண்டும் தலைகாட்டுகிறது. பூஞ்சைக்கொல்லி வாங்கி ஊற்றுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. தொட்டியோடு தூக்கி எறிகிறவர்கள் குற்றமற்ற செடியைத் தண்டிக்கிறார்கள்.

தொட்டால் விஷம் ஏறாது. தின்றால்தான் வம்பு: வயிற்று வலி, வாந்தி, பேதி. பெரியவர் ஒரு நாள் படுத்து எழுந்துவிடலாம். சிறு குழந்தைக்கு உடலில் நீர் வற்றுவதே ஆபத்து. தவிர, தொட்டியில் முளைப்பதெல்லாம் இந்த மஞ்சள் குடையாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்றெல்லாம் நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். இரண்டும் பொய். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்து உண்ட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். கொல்லும் காளான்களில் உள்ள அமடாக்சின் கொதிக்க வைத்தாலும் அழியாது. தின்று பல மணி நேரம் கழித்தே வாந்தி தொடங்கும். பிறகு நோயாளி தேறியதுபோலத் தோன்றும் ஓர் இடைவேளை வரும். வீட்டார் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

ஆகவே குழந்தை வாயில் போட்டுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பாட்டி வைத்தியமும் வேண்டாம். மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் மடித்து (பிளாஸ்டிக் பையில் அது சீக்கிரம் அழுகிவிடும்) மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். எது என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. சந்தேகம் தீர்க்க டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் 1995 முதல் இயங்கிவருகிறது. மருத்துவர்கள் மட்டுமல்ல, பொதுமக்களும் தொலைபேசியில் கேட்கலாம்.

மற்றபடி, தொட்டியின் மேல்மண் காயும்வரை தண்ணீரைக் குறைத்தால் முளைப்பது குறையும். குடைகள் ஓரிரு நாளில் தாமாகவே வாடிச் சுருண்டுவிடும். அதுவரை காத்திராமல், குழந்தை எழுவதற்குள் ஒரு பழைய செய்தித்தாளால் பற்றிப் பிடுங்கிக் குப்பையில் சேர்த்துவிட்டுக் கையைக் கழுவினால் போதும். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே வேலை.