குப்பனூர் வழி

புயல் என்றால் அது கடற்கரைக்காரர்களின் கவலை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஏற்காட்டைப் புயல் என்ன செய்துவிடும் என்கிறீர்களா?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. (இந்தப் பெயரைக் கொடுத்தது சவூதி அரேபியா. பெயர் வைக்க 13 நாடுகள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன!) கடந்தது மட்டுமா? பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அதே மழை சேர்வராயன் மலையிலும் கொட்டியது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்தை நிறுத்தி, குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சுற்றுலா போகிறவர்களுக்கு இது ஒரு நாள் சங்கடம். மேலே குடியிருக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் வரவேண்டும், மருந்து வரவேண்டும். பிரசவ வலி கண்டவளைச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறக்கவேண்டும். குப்பனூர்ப் பாதையும் சரிந்துவிட்டால் என்ன செய்வது?

டில்லி சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி மேலே பிரதமர் தலைமையில் ஓர் ஆணையம், மாநிலத்தில் முதலமைச்சர், ஜில்லாவில் கலெக்டர். மீட்புப் பணிக்கென்றே தனிப் படை உண்டு. அதில் ஒரு பிரிவு நம் அரக்கோணத்திலேயே இருக்கிறது. புயல் வருமுன் கைபேசியில் எச்சரிக்கை வருகிறதே, அதுவும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்ததுதான். இதையெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் புயல் வேறு, மண்சரிவு வேறு. வானத்திலிருக்கிற புயலைச் செயற்கைக்கோள் நாள் கணக்கில் பின்தொடருகிறது. எந்த மலைச்சரிவு எந்த நேரத்தில் பெயர்ந்து விழும் என்று கண்டுபிடிப்பது லேசில்லை. அதே ஃபெஞ்சல் மழையில் திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 2024 ஜூலையில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கொல்கத்தாவில் மண்சரிவை முன்கூட்டிச் சொல்லும் நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி ஆகிய ஜில்லாக்களில் ஆரம்பித்தார்கள். சேர்வராயன் மலைக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை.

இனி பணம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆபத்துக்கென்று ஒரு நிதி உண்டு. நூற்றுக்கு 75 ரூபாய் டில்லி போடும், 25 ரூபாய் மாநிலம் போடும். ஃபெஞ்சலுக்காக முதலமைச்சர் உடனடியாக ரூ. 2,000 கோடி கேட்டார். டிசம்பர் 6-ம் தேதி ரூ. 944.80 கோடி வந்தது. ஆனால் அது எப்படியும் வரவேண்டிய அந்த வருஷத்துப் பங்குதான். இரண்டு தவணையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, ‘தீபாவளி இனாம்’ என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கூடுதல் உதவியாக ரூ. 522.34 கோடிக்கு 2025 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் அடுத்த கோடை வந்துவிட்டது.

இன்னொன்று: இந்தப் பணம் நிவாரணமே தவிர நஷ்ட ஈடு அல்ல என்று சர்க்காரே சொல்கிறது. 2022-ல் வகுத்த விதிப்படி மலைப்பகுதியில் வீடு முழுதும் இடிந்தால் ரூ. 1,30,000. சமவெளியில் ரூ. 1,20,000. செங்கல்லும் சிமெண்டும் மலைமேல் ஏற்றுகிற கூலிக்கு அந்தப் பத்தாயிரம் காணுமா? காப்பி போன்ற பல்லாண்டுப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு ரூ. 22,500, அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். புதிதாக வைத்த காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குடியானவர் வீட்டு அடுப்பு எதை வைத்து எரிவது?

15-வது நிதிக் கமிஷன் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆபத்து நிதியில் ஐந்தில் ஒரு பங்கை, ஆபத்து வருமுன் தடுக்கிற வேலைக்கென்று பிரித்து வைத்தது. தடுப்புச் சுவர், தண்ணீர் வடிய வாய்க்கால், சிறு பாலங்கள் எல்லாம் அந்தப் பங்கில் கேட்கலாம். என்னைக் கேட்டால் முதலில் குப்பனூர்ப் பாதைக்குத்தான் கேட்பேன். பெரிய பாதை மூடிக்கிடந்தபோது ஏற்காட்டுக்கு வழி விட்டது அதுதானே?

நவம்பர், டிசம்பரில் ஏற்காட்டுக்குக் கிளம்புகிற உத்தேசம் இருந்தால், மூட்டை கட்டுமுன் ஜில்லா அவசர எண் 1077-ஐக் கூப்பிட்டு, இரண்டு பாதைகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து பேசினால் சேலத்து எஸ்.டி.டி. எண் 0427-ஐ முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.