பூச்சி மாத்திரையும் ஆசாரமும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பதற்கென்று 2015-ம் வருஷத்தில் "தேசியக் குடற்புழு நீக்க நாள்" என்பதாக ஒன்று ஏற்பட்டது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இனாமாக வழங்கப்படுகிறது. நல்ல காரியந்தான், அதைக் குறை கூற நாம் வரவில்லை.

ஆனால் மாத்திரையை விழுங்கிய பிள்ளையைக் கூப்பிட்டு, "பூச்சி உன் வயிற்றுக்குள் எப்படியப்பா வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "வெல்லம் தின்றேன், வந்தது" என்பான் ஒருவன். "கண் பட்டுவிட்டதாம், பாட்டி மந்திரிக்கக் கூட்டிப் போனாள்" என்பாள் ஒருத்தி. புழுவின் படத்துக்குப் பெயர் எழுதி மார்க்கு வாங்கிய பிள்ளைகளிலும் இப்படிச் சொல்லுபவர் உண்டு.

தோழர்களே! பூச்சி வெல்லத்தில் இல்லை, மலத்தில் இருக்கிறது. நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருளைப்புழுவில் ஒரு பெண்புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டையிடுகிறது. வெட்டவெளியில் கழித்த மலத்திலிருந்து அம்முட்டைகள் மண்ணில் சேர்ந்து, சில வாரங்களில் பக்குவப்பட்டு, நகக்கண் வழியாகவும் கழுவாத கீரை வழியாகவும் வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவோ வாய்க்குக் காத்திருப்பதில்லை. ஈர மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. கெய்ரோவில் இருந்த லூஸ் என்ற ஜெர்மானியர், புழுக்குஞ்சு கலந்த நீர் தம் கையில் சிந்தியதிலிருந்து இதைக் கண்டுபிடித்து 1898-ல் வெளியிட்டார்.

இனி நமது ஆசாரத்தின் யோக்கியதையைப் பாருங்கள். மேற்படி இரண்டு புழுக்களும் ஆளைத் தொடுவதால் ஒட்டுவதில்லை. அப்போதே விழுந்த முட்டைக்கு நோய் கொடுக்கும் சக்தியே கிடையாது; அது மண்ணில் கிடந்தாக வேண்டும். ஆகவே பக்கத்துப் பிள்ளையைத் தொடுவதில் ஆபத்தில்லை. வயற்காட்டில் மலங் கழிப்பதில்தான் ஆபத்து. நம் ஆசாரமோ முன்னதற்குத் தலைமுழுகச் சொல்லிவிட்டு, பின்னதை வழக்கமென்று விட்டுவிட்டது. வீட்டோடு கக்கூஸ் இருந்தால் வீடே தீட்டு என்றும் சொல்லிற்று.

அதுமாத்திரமா? ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாதென்று ஒரு சாராருக்குக் கட்டளையிட்டதும் இந்த ஆசாரந்தானே! கொக்கிப்புழுவுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு யார் செய்திருக்கிறார்கள்? செருப்பில்லாத கால் யாருடையதோ, அவன் பிள்ளைக்கே சோகை. சோகைபிடித்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால், "அந்த ஜாதிக்குப் படிப்பு வராது" என்று ஒரு தீர்ப்பு வேறு!

மாத்திரை இன்று வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும். நாளைக்கு வரும் புழுவுக்கு அது தடையல்ல. ஆகையால் சாப்பிடுமுன்னும் கக்கூஸ் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவு, நகம் வெட்டு, செருப்புப் போடு என்று பிள்ளைக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் கழுவினால் அதுவும் இன்னொரு ஆசாரமாகத்தான் போய் முடியும்.

சொல்லிக் கொடுத்தாலும், கழுவத் தண்ணீர் வேண்டுமே? பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்க்கட்டும். சோப்பு எங்கே என்று கேட்கட்டும். கக்கூஸைக் கழுவுவது யார் என்றும் கேட்கட்டும். கூலியாள் என்றால், அவருக்குக் கையுறையும் பூட்சும் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கட்டும். பிள்ளைகள்தான் என்றால், எந்தத் தெருப் பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.