அபஸ்வரமும் விவாதியும்

தாம்பரத்தில் ஒரு நண்பரின் மாடியறையில் சென்ற மாதம் பார்டோக்கின் பியானோ இசை கேட்டோம். 1911-இல் அவர் எழுதிய 'அலெக்ரோ பார்பரோ'. முடிந்ததும் மரபுக்கவிஞர் ஒருவர் "வெறும் அபஸ்வரம்" என்று முகம் சுளித்தார். புதுக்கவிஞர் ஒருவர், "இதுதான் ஸார் நம்ம கவிதை, கணக்கே கிடையாது" என்று குதூகலித்தார். இருவருமே இசையைக் கேட்கவில்லை என்பது என் கட்சி.

முதலில் அபஸ்வரம். தன் ஸ்தானத்திலிருந்து வழுக்கி விழுந்த ஸ்வரத்துக்குத்தான் அந்தப் பெயர். பியானோவில் பார்டோக்கின் ஸ்வரங்கள் வழுக்குவதில்லை. ஸ்தானத்தில் உறுதியாக நின்றுகொண்டு பக்கத்து ஸ்வரத்தோடு மோதுகின்றன. இதற்கு நெருங்கிய சொல் நம்மிடமே உண்டு: விவாதி. 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள். பாடினால் தோஷம் என்று பலர் ஒதுக்கியவை. கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்தார். வானம் இடிந்து விழவில்லை. நம் விவாதி ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை, பியானோவில் அவை ஒரே கணத்தில் ஒலிப்பவை என்ற வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இடம் பிசகாதவனால்தான் சண்டை போட முடியும் என்ற நியதி இரண்டுக்கும் பொது.

அடுத்தது, கணக்கு. பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மாஸ்' 153 சிறு படைப்புகள் கொண்டது. அதன் கடைசி ஆறு நடனங்கள் பல்கேரியத் தாளத்தில் அமைந்தவை. ஒன்றில் 2+2+3. நம் மிச்ர சாபு 3+2+2. சாபு தாளத்தில் வளர்ந்த காதுக்கு இது அந்நியமா? கணக்கு இல்லாத இசையல்ல; கணக்கு நொண்டும்படி அமைக்கப்பட்ட இசை.

"எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று இங்கே ஒருவர் மார்தட்டக்கூடும். எல்லாம் அல்ல, ஒரு பகுதி உண்மைதான். சாரங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் 'சங்கீத ரத்னாகர'த்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களைப் பிரெஞ்சுக்காரரான மெஸ்ஸியான் படித்தார். 1949-இல் 'கான்டெயோட்ஜயா' என்ற பியானோப் படைப்பில் கையாளவும் செய்தார். சீராகப் போகும் நடையில் ஒரு சிறு மாத்திரையைக் கூடுதலாகச் செருகி அதைக் கோணலாக்குவது அவருடைய முறை. அந்தத் தாளங்களில் பெரும்பாலானவை இன்று நம் கச்சேரி மேடைகளில் இல்லை. தொலைத்தவனுக்குப் பெருமை எதற்கு?

நம் கவிதைக்கு வருகிறேன். யாப்பு இல்லையென்றால் லயம் இல்லை என்பவர் விவாதியைக் கண்டு பயந்தவர். யாப்பை விட்டதாலேயே லயம் வந்துவிட்டது என்பவர் ஸ்தானமே அறியாதவர். செருகிய மாத்திரை உறுத்துவதற்கு முதலில் ஒரு நடை காதில் ஓடவேண்டும். அது ஓடாத இடத்தில் மீறல் இல்லை. மடக்கிப் போட்ட உரைநடைதான் இருக்கிறது. சிறுபத்திரிகைகளில், இதையும் சேர்த்துத்தான், அச்சாகும் கவிதைகளில் பாதி அப்படிப்பட்டவை. அவற்றில் என்னுடையவையும் உண்டு.

அதே மாடியில் அந்த ஆறு நடனங்களையும் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். அபிப்பிராயத்தைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்போம்.