அடைக்கோழி பிற்போக்கா?

அடைக்கோழி வைத்துக் குஞ்சு பொரிப்பது காலாவதியான வழக்கம் என்றும், பொரிப்பகத்திலிருந்து ஒருநாட் குஞ்சை வாங்கி மின்குமிழின் கீழ் வளர்ப்பதே விஞ்ஞானம் என்றும் ஒரு கருத்து நம் நாட்டிலே வேரூன்றி வருகின்றது. அபிவிருத்தி நிபுணர்கள் இதனைக் கருத்தரங்குகளிலே சொல்கிறார்கள்; வாழ்வாதார உதவி வழங்கும் நிறுவனங்கள் செயலிற் காட்டுகின்றன; முற்போக்காளர் என்று தம்மைக் கருதிக்கொள்ளும் நம்மிற் சிலரும் தலையாட்டுகிறார்கள். கோழிக்குஞ்சில் என்ன அரசியல் என்று கேட்டு நகைப்போரும் உளர். அடுப்படியிலே அரசியல் இல்லை என்று எண்ணுவோர் அரசியலை இன்னும் அறியாதவர் என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை.

முதலில் விஞ்ஞானத்தையே எடுத்துக்கொள்வோம். முட்டைக்குள் இருக்கும் கரு குஞ்சாவதற்கு 21 நாட்கள் வேண்டும். அந்நாட்களிலே ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ் வெப்பமும், அளவான ஈரப்பதனும், கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதபடி முட்டையை அடிக்கடி திருப்பிவிடுதலும் வேண்டும். இவற்றுக்காகவே பொறியிலே வெப்பமானியும் நீர்த்தட்டும் திருப்பும் தட்டும் பொருத்தியிருக்கிறார்கள். அடைக்கோழியோ, நெஞ்சிலே இறகு உதிர்ந்த வெறுந்தோலை முட்டையோடு சேர்த்து வைத்து, அலகால் முட்டையைப் புரட்டி, இரைக்கும் நீருக்கும் சிறிது நேரம் மட்டும் இறங்கி, மின்பட்டியல் இன்றியே அனைத்தையும் செய்கின்றது. பொரிப்பதற்கு முன்னரே ஓட்டினுள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கிறது. தாய் மறுகுரல் கொடுக்கிறது. பொறி செய்வது விஞ்ஞானம் என்றால், எதைப் பார்த்துப் பொறி செய்யப்பட்டதோ அது மட்டும் எப்படி அஞ்ஞானமாகும்?

நாம் பொறிக்குப் பகைவர் அல்லர். எகிப்திய உழவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மண்சூளை அறைகளிலே சாணத்தைக் கனலவிட்டு முட்டைகளைப் பொரித்தனர்; முட்டையைக் கண்ணிமையிலே வைத்து அதன் வெப்பத்தை அறிந்தனர். சீனாவிலும் வியட்நாமிலும் சூடேற்றிய நெல்லையும் உமியையும் கூடைகளில் நிரப்பி வாத்துமுட்டை பொரித்தோர், முதிர்ந்த கருக்கள் தாமே வெளியிடும் வெப்பத்தால் புதிய முட்டைகளைச் சூடாக்கும் நுட்பத்தைக் கண்டனர். ரேயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1749இல் செயற்கைப் பொரிப்பைப் பற்றி நூல் எழுதியபோது எகிப்தியரின் சூளையே அவருக்கு முன்மாதிரியாக நின்றது. ஆக, பொறி உழைக்கும் மக்களின் கைத்திறனிற் பிறந்த பிள்ளை. இன்று அது யாருடைய வீட்டிலே, யாருக்காக வேலை செய்கிறது என்பதே நமது கேள்வி.

பொரித்த குஞ்சு, வயிற்றினுள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கருவின் துணையால் இரண்டு நாட்கள் வரை இரையின்றி உயிர்வாழும். முன்பின்னாகப் பொரியும் முட்டைகள் யாவும் பொரிந்து முடியும்வரை தாய் கூட்டைவிட்டு அகலாதிருப்பதற்கு இயற்கை கொடுத்த அவகாசம் இது. வணிகம் அந்த அவகாசத்தைக் குஞ்சைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் நேரமாக்கிக் கொண்டது. அடை கிடக்கும் பேடு முட்டையிடாது. ஆதலால் அடை கிடக்கும் குணமே தலைமுறை தலைமுறையாகக் களைந்தெடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் கலப்பினப் பேடு இவ்வாறுதான் உருவாயிற்று. சேவலின்றி வளர்வதால் அதன் முட்டையிற் கருவில்லை. சேவலோடு விட்டுக் குஞ்சு எடுத்தாலும் தாயின் குணம் பிள்ளைகளில் ஒருபடித்தாக வாராது. எனவே, ஒவ்வொரு முறையும் குஞ்சை வாங்கியே தீரவேண்டும். மூலக்கோழிகளின் வித்தோ உலகிலே விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களின் கையிற் கிடக்கிறது. முட்டையினத்துச் சேவற்குஞ்சுக்கு இச்சந்தையிலே விலையில்லை. பெரும்பாலான பொரிப்பகங்களில் அது பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. ஜேர்மனி 2022இல் இதனைச் சட்டத்தால் தடுக்கவேண்டியதாயிற்று. வீட்டு வளவிலே சேவற்குஞ்சும் வளர்ந்து ஒருநாள் சந்தைக்கோ சட்டிக்கோ போகும்.

இந்தச் சங்கிலியின் பாரத்தை இலங்கை மக்கள் அண்மையிலே தம் தோளில் உணர்ந்தார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது சோள விளைச்சல் சரிந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது தீவனத்துக்கும் மூலக்கோழிகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. மின்குமிழையே தாயாக நம்பிய குஞ்சின் கதியை விளக்கவும் வேண்டுமா? 2023 மார்ச்சிலே இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. வளவெங்கும் கோழி மேயும் நாடு முட்டைக்குத் துறைமுகத்தைப் பார்த்து நின்றது!

போர் 2009இல் முடிந்த பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்குவது உதவியின் வழமையான வடிவங்களுள் ஒன்றாயிற்று. நான் கற்பிக்கும் ஊரிலும் ஒரு நிறுவனம் வழங்கியது. பெயர் பதிந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். தீவன மூடை தீர்ந்தபோது அடுத்த மூடைக்குக் கடன். பேடுகள் முட்டை ஓய்ந்தபோது அடுத்த தொகுதிக் குஞ்சுக்கும் கடன். வாரந்தோறும் படலையில் வந்து நிற்கும் நுண்கடன்காரரை அறியாத பெண் அவ்வூரிலே அரிது. வறட்சியால் வாடிய மாவட்டங்களிலே பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர நேர்ந்ததையும் மறக்கலாகாது. அதே வளவிலே அப்பெண்ணின் தாயார் கடகத்தில் மணலும் வைக்கோலும் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துக் குஞ்சு எடுத்தவர். அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாயை நீக்கியதன் விளைவை விஞ்ஞானமே எடுத்துக்காட்டியும் இருக்கிறது. பொரிப்பகத்துக் குஞ்சு தாயின் காலடியிலே கிளறிக் கொத்தாமையால், தாயின் குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அதனைச் சேர்வதில்லை. பின்லாந்தைச் சேர்ந்த நுர்மி, ரன்தாலா என்னும் ஆய்வாளர்கள், வளர்ந்த கோழியின் குடலுயிர்களைப் பிறந்த குஞ்சுக்குக் கொடுத்தால் சல்மனெல்லாக் கிருமி அதனுள் நிலைகொள்வது தடுக்கப்படுகிறது என்று 1973இல் காட்டினர். பின்னர் அவ்வுயிர்களே மருந்துப் பொதியாகிச் சந்தைக்கு வந்தன. தாயிடமிருந்து பறித்ததைத் தாய்க்குரியவளிடமே விலைக்கு விற்கும் சாமர்த்தியம் முதலாளித்துவத்துக்கே உரியது.

எதிர்வாதத்தையும் கேட்போம். நாட்டுப்பேடு ஆண்டுக்கு அறுபது முட்டையைத் தாண்டினாலே பெரிது; அடை கிடந்து குஞ்சோடு திரியும் மாதங்களிலே அதுவும் இல்லை; பொரித்த குஞ்சில் பாதியைப் பருந்தும் காகமும் கீரியும் நோயும் கொண்டுபோகின்றன என்பர். இவை உண்மைகள். நகரத்து மக்கள் அனைவருக்கும் அடைக்கோழி முட்டை தரும் என்று நாமும் சொல்லவில்லை. ஆயினும், குஞ்சு சாவதற்குக் காரணம் தாய்க்கோழியா, கவனிப்பின்மையா? முதற் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் கரப்பின் கீழ் வைத்துக் குறுணலும் கறையானும் கொடுத்தால் பருந்துக்கு இரையாவது குறையும். குஞ்சுகளை உரிய காலத்திற் பிரித்துவிட்டால் பேடு விரைவில் மீண்டும் முட்டையிடும். வங்காள தேசத்திலே மண்ணும் வைக்கோலும் குழைத்து 'ஹாசல்' என்னும் அடைச்சட்டி செய்கிறார்கள், அதன் விளிம்பிலேயே இரைக்கும் நீருக்கும் குழிகள் உண்டு, பேடு மெலிவதில்லை. கூட்டங்கூட்டமாகக் கோழிகளைக் கொல்லும் ரணிக்கெற் நோய்க்கு, வெப்பந் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து ஆஸ்திரேலியாவிலே உருவாக்கப்பட்டது. ஆபிரிக்கக் கிராமங்களில் அதனைக் கண்ணில் ஒரு துளியாக இடுகிறார்கள். ஏழையின் முற்றத்துக்கு இறங்கிவரும் விஞ்ஞானம் இதுவே.

மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பழமை யாவும் புனிதம் என்பது அதன் மந்திரம்; நாட்டுக்கோழி முட்டையை நகரத்துச் செல்வருக்கு இருமடங்கு விலைக்கு விற்பது அதன் தொழில். அடைக்கடகத்திலே இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைத்தால் இடியிலிருந்து முட்டை காக்கப்படும் என்பதையும் 'முன்னோர் அறிவு' என்று இவர்கள் போற்றுவர். மக்கள் அறிவு வேறு, மூடநம்பிக்கை வேறு. மணல் முட்டை உருளாமற் காக்கிறது, சூட்டைத் தாங்குகிறது, அதனை வைத்துக்கொள்வோம். இரும்பு எதையும் காக்கவில்லை, அதை எறிந்துவிடுவோம். இவ்வாறு பகுத்தறியாத இயற்கைப் பற்றும், எதையும் ஆராயாத பொறிப்பற்றும் ஒரே நாணயத்தை எண்ணும் இரு கைகளாம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நமது பாடசாலைகளிலே முளையத்தின் வளர்ச்சியைப் படமாக வரைவிக்கிறோம். ஓர் அடைக்கடகத்தை எட்டிப் பார்ப்பித்தோமா? ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் முன்னே முட்டையைப் பிடித்தால், சிலந்திவலைபோற் குருதிநாளங்கள் தெரியும். தெளிந்து தோன்றுவது கருவற்றது. இதனை மாணவர் தம் கையாற் செய்து, வைத்தது எத்தனை, பொரித்தது எத்தனை, கூழ்முட்டை எத்தனை, பிழைத்தது எத்தனை என்று குறித்துவரட்டும். அவர்களுக்குக் கற்பிக்க அவ்வூர்த் தாய்மாரை வகுப்பறைக்கு அழைப்போம். அடுத்த முறை ஓர் உதவி நிறுவனம் குஞ்சுப் பெட்டியோடு வரும்போது, அடை கிடக்கும் பேடும், நல்ல சேவலும், ஊருக்கு ஒரு தடுப்பூசிப் பணியாளரும் தாருங்கள் என்று நமது பெண்கள் கூட்டாகக் கேட்கவேண்டும். ஊருக்குப் பொதுவான சிறுபொறி வேண்டுமாயின் அதனையும் அவர்களது சங்கமே வைத்து நடத்தட்டும். அக்கோரிக்கையை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமாயின், எழுத்தறிந்த நாம் எதற்கு இருக்கிறோம்?