சிக்கந்தர் பேகத்தைப் புகழ்ந்தது போதும், வாசியுங்கள்

மகளிர் தினம் வந்தால் போபால் பேகம்களின் படங்கள் முகநூலில் வரிசையாக வரும். "முஸ்லிம் பெண்கள் ஒரு நாட்டையே ஆண்டார்கள், பாருங்கள்" என்று ஒரு தரப்பு. கீழே ஐந்நூறு மாஷா அல்லாஹ். "பெண் தலைமை கூடாது" என்று மற்றத் தரப்பு அங்கேயே சண்டைக்கு வரும். அந்தப் பெண்கள் என்ன எழுதினார்கள் என்று இரண்டு தரப்பிலும் யாரும் கேட்பதில்லை.

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். சிக்கந்தர் பேகம் முதலில் மகளுக்காகவும், 1860 முதல் தன் சொந்தப் பெயரிலும் போபாலை ஆண்டவர். 1863 கடைசியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, திரும்பி வந்து அந்தப் பயணத்தை உருதுவில் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1870இல் லண்டனில் அச்சானது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கண்ணீரும் உருக்கமும் நிறைந்த பக்தி நூல் என்று நினைத்துத் திறந்தால் ஏமாந்து போவீர்கள். ஜித்தாவில் இறங்கியதும் பொதிகளைப் பிரித்து வரி கேட்கிறார்கள். அவர் அழவில்லை, கடிதம் எழுதுகிறார். ஜித்தாவின் பாஷாவுக்கும் மக்காவின் ஷரீபுக்கும் போன கடிதங்களையும் வந்த பதில்களையும் நூலிலேயே சேர்த்திருக்கிறார். தாய் குத்ஸியா பேகம் அள்ளிக் கொடுக்கக் கொடுக்கக் கூட்டம் பெருகுவதைக் கணக்குப் பார்க்கும் கண்ணோடு பதிகிறார். உதுமானிய சுல்தான் பெருந்தொகை அனுப்பியும் புனித நகரம் ஏன் இவ்வளவு அசுத்தமாக இருக்கிறது என்று கேட்கிறார். அந்தப் பணம் தன் கையில் இருந்தால் நிர்வாகத்தைச் சீர்செய்து காட்டுவேன் என்ற பொருளில் எழுதவும் தயங்கவில்லை.

மதீனாவுக்கு அவர் போகவில்லை. பாதையில் கொள்ளையர் ஆபத்து, செலவு, கூட வந்தவர்களின் பாதுகாப்பு என்று காரணங்களை எழுதி வைத்துவிட்டுத் திரும்பினார். ஊர் என்ன கதைக்கும் என்று தெரிந்தும் எடுத்த முடிவு அது. என்னைக் கேட்டால், அவருடைய தலைமை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது, நாம் பகிரும் படங்களில் இல்லை.

சொந்த எழுத்து என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே விழுங்கவும் வேண்டாம். ஆங்கிலேய அதிகாரி டியூரண்டின் குடும்பம் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட நூல் இது. 1857இல் பிரித்தானியர் பக்கம் நின்றவர் அவர். அறபு மக்களைப் பற்றி அவர் எழுதும் சில இடங்களில் அரண்மனையின் இளக்காரம் தெரிகிறது. யாருக்காக எழுதினார், எதை மறைத்தார் என்று கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் இதுதான். வாசிக்காமல் புகழ்வதும் ஒருவரின் வாயை அடைக்கிற வேலைதான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நம் பெண் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் ராணிகள் எல்லாரும் தர்மம் செய்கிறார்கள், பள்ளி கட்டுகிறார்கள், தலை குனிந்து நிற்கிறார்கள். ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை, மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதில்லை, "முடியாது" என்று சொல்வதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளை நாளை டீச்சராகி, கூட்டத்தில் எழும்பி "இந்தக் காசு எங்கே போனது?" என்று கேட்டால் "வாய்க்காரி" என்கிறோம். அதே வாயால் மார்ச் 8இல் சிக்கந்தர் பேகத்துக்கு மாஷா அல்லாஹ் சொல்கிறோம். அவர் மக்காவிலேயே கணக்குக் கேட்டவர் என்பது நமக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் வாசிக்கவில்லை.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பகிர முன், அந்த நூலில் பத்துப் பக்கமாவது வாசியுங்கள். ஆசிரியர்களாக இருந்தால், ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டு போங்கள். இவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்க வேண்டாம். இவர் என்ன முடிவு எடுத்தார், ஏன் எடுத்தார், நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். பின் வாங்கில் இருக்கும் பிள்ளையும் பதில் சொல்லும்.