பிழைதிருத்தமா, மனமாற்றமா?

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் ரூமில் ஒரு சண்டை. ஒரு மந்திரத்துக்கு எத்தனை பகடை உருட்டுவது என்பதுதான் விஷயம். சிரிக்காதீர்கள், ரெண்டு பேர் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

விளையாடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். (தெரியாதவர்களுக்கு: ஒருத்தர் கதை சொல்வார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும்.) போர்வீரன் அடிபட்டுக் கீழே கிடக்கிறான். கிளெரிக்காக ஆடுபவன் 'க்யூர் வூண்ட்ஸ்' போட்டான். ரூமில் இருக்கும் ஒரே புத்தகம் 2014 பதிப்பு. அதன்படி ஒரு எட்டு முகப் பகடை. அவன் மொபைலில் இருப்பது 2024 விதி. அதன்படி இரண்டு. எழுந்தவுடன் அடுத்த அடியைத் தாங்குவானா மாட்டானா என்பதே அதில்தான் இருக்கிறது.

"புதுசு வந்தாச்சுல்ல மச்சி, அதான்டா ரூல்."

"காசு கொடுத்து வாங்கின புக்ல இருக்கறதுதான்டா ரூல்."

அரை மணி நேரம். போர்வீரன் பாவம், அதுவரை தரையிலேயே கிடந்தான்.

திருத்தமே கூடாது என்று சொல்லும் கட்சி இல்லை நான். நம் பழைய புத்தகங்களின் கடைசியில் 'பிழை - திருத்தம்' என்று ஒரு பட்டியல் இருக்குமே, அது நேர்மையான பக்கம். இந்த விளையாட்டிலும் அப்படித் தேவைப்பட்டது உண்டு. 2008-ல் நாலாம் பதிப்பு வந்தபோது 'ஸ்கில் சேலஞ்ச்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் மிக எளிதான வகைக்கு 2 தோல்வி வருவதற்குள் 4 வெற்றி வேண்டும். ஒவ்வொரு உருட்டலிலும் ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தமாக ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம்தான்! எளிதானதே இந்த லட்சணம். அதே வருடம் திருத்தம் வந்தது: எல்லா வகைக்கும் 3 தோல்வி வரை போகலாம், எட்ட வேண்டிய எண்களும் குறைந்தன. தோல்விக் கணக்கை மட்டும் மாற்றினாலே அந்த 34, 54 ஆகிவிடுகிறது. இது பிழை, இது திருத்தம். யாரும் சண்டை போட முடியாது.

ஆனால் அதே பதிப்பில் 'மேஜிக் மிசைல்' கதை வேறு. பழைய பதிப்புகளில் குறி தப்பாத மந்திரம் அது. 2008-ல் அதற்கும் பகடை உருட்டி அடிக்க வேண்டும் என்றார்கள். 2010-ல் வேண்டாம், தானாகவே படும் என்றார்கள். முதலில் எழுதியது அச்சுப் பிழையா, கணக்குப் பிழையா? ரெண்டும் இல்லை. மனசு மாறிவிட்டது. மாறட்டும், தப்பில்லை. அதையும் திருத்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் எனக்கு இடிக்கிறது. 'திருத்தம்' என்றவுடன் பழைய விதிப்படி ஆடுபவன் தப்பாக ஆடுகிறான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் ரூமில் நடந்ததும் இதுதான்.

காகிதப் புத்தகமாக இருந்தவரை இதில் பெரிய ஆபத்து இல்லை. இஷ்டம் இருந்தால் பென்சிலால் அடித்து எழுதுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். டிஜிட்டலில் அந்தப் பென்சில் நம் கையில் இல்லை. 2021 டிசம்பரில் 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்' புத்தகத்தில் சில அசுர இனங்களின் குணத்தைப் பற்றிய பத்திகளைத் திருத்தம் என்ற பெயரில் நீக்கினார்கள். டிஎன்டி பியாண்ட் தளத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் பிரதியிலிருந்தும் அவை போயின. (ஒரு இனமே பிறவியில் கெட்டது என்பதை எடுத்ததில் எனக்குச் சம்மதம்தான். என் அலமாரிக்குள் கை விட்டதில்தான் சம்மதம் இல்லை.) 2024 ஆகஸ்டில் இன்னொரு படி போனார்கள். அதே தளத்தில் இருக்கும் பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களுக்குப் பதில் புதியவையே வரும், பழசு வேண்டுமென்றால் நீங்களே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்த கொதிப்பில் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். கொதிக்காமல் இருந்திருந்தால்?

புதுசு மோசம் என்று சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னால், 2024-ன் க்யூர் வூண்ட்ஸ் பழசைவிட நல்லது. ஒரு பகடை உருட்டி 1 விழுந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் எந்த விதிக்கு எப்போது மாறுவது என்பதை மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒருத்தன் மொபைல் முடிவு செய்யக் கூடாது.

கடைசியில் டிஎம் சொன்னது: இந்தக் கதை முடியும் வரை 2014, அடுத்த கதைக்கு ஓட்டெடுப்பு. கிளெரிக் முறைத்துக்கொண்டே ஒரே ஒரு பகடையை உருட்டினான். 8 விழுந்தது.